எழுபத்தைந்து உருப்படி

மேஜையின்மேல் ஒரு நாணயத்தை நெட்டுக்குத்தாக நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் லிஃப்ட்டக்கா நாற்காலியை இழுத்துப் போடுவார். நாணயம் நின்றால் ஆட்டத்தைத் தொடங்கலாம். ஆடி விழுந்தால், கீழே லாண்டிரியில் ஏதோ ஒரு மெஷின் துணி பிழிந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். "சுத்து முடியட்டும்," என்று சொல்லிவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். மற்ற மூவரும் கூடவே காத்திருக்க வேண்டியதுதான். அந்த மூவரில் ஒருவரான கணக்கு வாத்தியாருக்குக் காத்திருப்பது என்றாலே வேப்பங்காய்.

நாணயம் தொழிலிலிருந்து வந்த பழக்கம். ஒரு லிஃப்டைப் பழுது பார்த்து முடித்ததும் அதன் தரையில் இதே நாணயத்தை நிறுத்தி வைத்து, கீழ்த்தளத்திலிருந்து மேல்மாடி வரைக்கும் ஒரு தடவை போய் வருவார் அக்கா. நாணயம் நின்றபடியே திரும்பி வந்தால் லிஃப்ட் சரி. சாய்ந்து கிடந்தால் மறுபடி திறந்து பார்ப்பார். இருபத்தெட்டு வருடமாக ஒரே நாணயம். இரண்டு பக்கமும் தேய்ந்து, தலை எது பூ எது என்று தெரியாமல் போய்விட்டது.

குள்ளமான உருவம். ரப்பர் அடி வைத்த காலணி. நரைத்த முடியை வயர் கட்டும் பிளாஸ்டிக் பட்டையால் இறுக்கியிருப்பார். நல்ல ரிப்பன் வாங்கிக் கொடுத்தும் பயனில்லை என்று, அந்த மூவரில் இன்னொருவரான பல் டாக்டரம்மா அலுத்துக்கொண்டதுண்டு. ஆட்டத்துக்காக லாண்டிரி மாடிக்கு வந்ததும் கறை போக்கும் சோப்பை வாங்கி, முழங்கை வரை நுரைக்கத் தேய்த்துக் கழுவுவார். கிரீஸ் பட்ட விரலால் அட்டையைத் தொட்டால் அடையாளம் விழும். அடையாளம் விழுந்தால் அது ஏமாற்றுவதாகும். இப்படித்தான் அவர் யோசிப்பார். அவருடைய கணவர் பஸ் ஓட்டுகிறார். எத்தனை மாடியானாலும் படியேறித்தான் போவார். "எங்க வீட்டுக்காரர் என்னை நம்புவாரு, லிஃப்டை நம்ப மாட்டாரு," என்று சொல்லிச் சிரிப்பார் அக்கா.

கணக்கு வாத்தியார் அவரை முதலில் பார்க்கவில்லை, குரலைத்தான் கேட்டார். மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுபோய், உள்ளே வாத்தியாரும் ஒரு கர்ப்பிணியும் ஒரு நாய்க்குட்டியும் மாட்டிக்கொண்டிருந்த நாள் அது. வெளியே யாரோ வந்து கதவைத் தட்டியதும் வாத்தியார் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். எந்தச் சுவிட்சைப் போட வேண்டும், எந்தப் பக்கம் சக்கரத்தைச் சுற்ற வேண்டும் என்று கதவிடுக்கு வழியாக விளாசித் தள்ளினார். அவர் மூச்சு வாங்க நிறுத்தியபோது வெளியிலிருந்து ஒரு பெண்குரல் நிதானமாகக் கேட்டது: "முடிஞ்சுதுங்களா சார்? அப்போ நான் ஆரம்பிக்கிறேன்."

பத்து நிமிடத்தில் கதவு திறந்தது. அதன் பிறகு நடந்ததுதான் வாத்தியார் மனதில் ஆணியடித்தாற்போல் நின்றுவிட்டது. லிஃப்ட் ஓடத் தயார். கையில் மூட்டை முடிச்சுகளோடு ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள். அக்கா தன் கருவிப் பையைத் தரையில் கவிழ்த்து ஒவ்வொன்றாக எண்ணினார். "ஒண்ணு குறையுது," என்றார். ஒரு வாஷர். சட்டைப் பொத்தான் அளவு இரும்பு வளையம். கூட்டம் கத்தியது. யாரோ ஒருவர் மேலிடத்தில் புகார் செய்வதாகக்கூட மிரட்டினார். "செய்யுங்க," என்று சொல்லிவிட்டு லிஃப்டுக்கு அடியில் இருந்த பள்ளத்துக்குள் டார்ச்சோடு இறங்கிவிட்டார் அக்கா. இருபது நிமிடம் கழித்து வாஷரோடு ஏறி வந்து, சட்டையில் துடைத்து, பையில் போட்டு, பதிவேட்டில் கையெழுத்திட்டுவிட்டுப் போனார். வாத்தியார் அன்று தன் வகுப்புக்கு ஒரு மணி நேரம் தாமதம். ஆனால் கோபமே வரவில்லை என்பதை அவரே வியப்போடு கவனித்தார்.

ஒரு மாதம் கழித்து லாண்டிரியின் துணி ஏற்றும் லிஃப்டைச் சரி செய்ய அதே குரல் மாடிக்கு வந்தது. அங்கே தேய்ப்பு மேஜையைச் சுற்றி மூன்று பேர் உரக்கச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். லாண்டிரிக்காரர், பல் டாக்டரம்மா, வாத்தியார். நடுவில் ஒரு பலகை. அக்கா வேலையை முடித்து, கருவிகளை எண்ணி, சற்று நேரம் நின்று பார்த்தார். "இது நாலு பேர் ஆட்டம் மாதிரி இருக்கே?" என்று கேட்டார். லாண்டிரிக்காரர் அப்போதே நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டார். அவர் அக்காவைவிடப் பத்து வயது மூத்தவர்; ஆனாலும் அன்றிலிருந்து அக்கா என்றுதான் கூப்பிடுகிறார். அக்காவோ அவரை அண்ணே என்கிறார். யார் மூத்தவர் என்பதில் அந்த மேஜைக்கு இன்றுவரை முடிவில்லை.

ஆட்டத்தின் பெயர் நீர்மட்டம். லாண்டிரிக்காரரின் மகள் வெளிநாட்டிலிருந்து அனுப்பியது. வழக்கமான ஆட்டங்களில் ஒருவர் ஜெயிப்பார், மற்றவர்கள் தோற்பார்கள். இதில் அப்படியில்லை. நால்வரும் ஒரே கட்சி, எதிராளி பலகைதான். மேலே ஓர் அணை, கீழே ஓர் ஊர். நால்வருக்கும் ஆளுக்கொரு மதகு, ஆளுக்கொரு நிறத்தில் ஒரு காய், தொடக்கத்திலேயே கையில் பத்துப் பத்து எண் அட்டை. ஒவ்வொரு சுற்றிலும் ஆளுக்கோர் அட்டை போட்டு, அதிலுள்ள எண் அளவுக்கு மதகைத் திறக்க வேண்டும். நாலு மதகும் சேர்ந்து அதிகம் திறந்தால் கீழே ஊர் போச்சு. குறைவாகத் திறந்தால் அணையில் தண்ணீர் ஏறிக்கொண்டே போகும். சுற்றின் முடிவில் மழை அட்டை ஒன்றை எடுத்துப் புரட்ட வேண்டும். அதில் எத்தனை துளியோ, அணையின் மட்டத்தைக் காட்டும் நீர்க்குச்சி அத்தனை கோடு ஏறும். சிவப்புக் கோட்டைத் தொட்டால் ஆட்டம் முடிந்தது. ஒன்பது சுற்று தாக்குப்பிடித்தால் வெற்றி. இவ்வளவும் செய்யலாம், கையில் என்ன அட்டை இருக்கிறது என்று மட்டும் ஒருவருக்கொருவர் வாய் திறந்து சொல்லக் கூடாது.

அந்தக் கடைசி விதிதான் வாத்தியாரின் உயிரை வாங்கியது. முப்பது வருடமாகப் பேசியே பிழைத்தவர். அவர் விதியை மீறவில்லை, இருமினார். பெரிய அட்டை கையில் இருந்தால் ஒரு மாதிரி இருமல், சின்ன அட்டை என்றால் வேறு மாதிரி. "வாத்தியாரே, மருந்து வேணுமா?" என்று டாக்டரம்மா ஒருநாள் பையிலிருந்து ஒரு சிரப்பை எடுத்து மேஜையில் வைத்ததும் அந்த வித்தை முடிவுக்கு வந்தது.

மூன்று வருடம். அறுபது ஆட்டம். அறுபதும் தோல்வி. நால்வரும் கூடி ஆடிய ஒவ்வொரு சனிக்கிழமையும் ஐந்தரை மணிக்கு லாண்டிரிக்காரர் மகளுக்கு போன் போட்டு, "மூழ்கிட்டோம்மா," என்பார். அந்தப் பக்கம் மகள் சிரிப்பது மேஜைவரை கேட்கும்.

தோற்றவர்கள் மனக்குமுறலைக் கொட்ட ஓர் இடம் இருந்தது. பெட்டி மூடியின் உட்புறம். முதல் தோல்வியன்று ஆத்திரம் தாளாமல் டாக்டரம்மா அங்கே எழுதினார்: "இதற்குப் பல் பிடுங்கிக்கொள்வதே தேவலை." அடுத்த வாரம் வாத்தியார் எழுதினார்: "வெல்லும் வாய்ப்பு நூற்றில் நான்கு. அச்சுப் பிழை இருக்கலாம் என்று சந்தேகிக்கிறேன்." லாண்டிரிக்காரர்: "கறை போகவில்லை. மறுபடி ஊற வைப்போம்." ஆள் குறைந்த ஒரே ஒருநாள் பதிலுக்கு வந்து ஆடிப் பார்த்த உடற்பயிற்சி வாத்தியார், "எதிராளியே இல்லாமல் தோற்பது எப்படி என்று இன்று கற்றேன்," என்று எழுதிவிட்டு அந்தத் தெருப்பக்கமே வருவதை நிறுத்திக்கொண்டார். இன்னொருநாள் அப்படி வந்த டாக்டரம்மாவின் கணவர், "பேசாமல் வீட்டிலேயே இருந்திருக்கலாம்," என்று எழுதினார். அதன் கீழே மனைவியின் கையெழுத்தில் ஒரே சொல்: "இருங்கள்."

இப்படி மூடி நிறைந்துவிட்டது. வலது மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இடம் மட்டும் காலி. அது அக்காவுக்கு ஒதுக்கியது. எழுதச் சொன்னால், "வேலை முடியட்டும், எழுதறேன்," என்பார். தோற்றதைப் பற்றி ஒருவரி எழுதினால் என்ன குறைந்துவிடும் என்று வாத்தியார் வாதாடிப் பார்த்தார். "ஓடாத லிஃப்டுக்கு நான் கையெழுத்துப் போட்டதில்லை சார்," என்றதோடு சரி.

எழுதாவிட்டாலும் அவர் செய்யும் ஒன்று உண்டு. ஆட்டம் முடிந்ததும் எல்லாவற்றையும் எண்ணிப் பெட்டியில் வைப்பார். கையட்டை நாற்பது, மழை அட்டை முப்பது, காய் நான்கு, நீர்க்குச்சி ஒன்று. "எழுபத்தஞ்சு," என்று சொல்லிவிட்டுத்தான் மூடுவார். "நம்ம கடையில எண்ணுற மாதிரியே எண்ணுறீங்க அக்கா, எழுபத்தஞ்சு உருப்படி!" என்று லாண்டிரிக்காரருக்கு அதில் தனி ஆனந்தம். ஒருதடவை எழுபத்து நான்குதான் இருந்தது. டாக்டரம்மாவின் மஞ்சள் காயைக் காணோம். போய்த் தொலையட்டும், ஒரு பொத்தானை வைத்து ஆடலாம் என்றார் வாத்தியார். அக்கா முழங்காலிட்டு மேஜைக்கடியில், மூட்டைகளுக்கடியில், தேய்ப்புப் பெட்டிக்குப் பின்னால் எல்லாம் தேடினார். முக்கால் மணி நேரம். கடைசியில் காய் வாத்தியாரின் மடக்கிய குடைக்குள் இருந்தது. வாத்தியார் அதைப்பற்றி மூடியில் எதுவும் எழுதவில்லை.

ஆனால் அக்காவைப் பற்றிப் பேச வேண்டுமானால் அவர் ஆடும் விதத்தைத்தான் சொல்ல வேண்டும். அவர் யாருக்கும் எதுவும் சொல்வதில்லை. கண்ணால்கூட. தன் முறை வந்தால் ஓர் அட்டையைப் போடுவார். அது அநேகமாக அந்த நேரத்துக்கு வேண்டிய அட்டையாகவே இருக்கும். வாத்தியார் வீட்டுக்குப் போய்க் காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்ப்பார். அவர் மூன்று பக்கத்தில் கண்டுபிடிப்பதை அந்த அம்மாள் இரண்டு விநாடியில் போட்டிருப்பார். ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டே விட்டார்.

"எப்படிங்க தெரியுது?"

"மோட்டார் ரூம்ல நின்னா எந்த பேரிங் தேயுதுன்னு சத்தத்துல தெரியும் சார். இங்கயும் அப்படித்தான். டாக்டரம்மா கையில பெரிய அட்டை இருந்தா காலை ஆட்ட மாட்டாங்க. அண்ணனுக்குச் சின்ன அட்டை வந்தா மூச்சு மூக்கு வழியா வரும்."

"நான்?"

அக்கா கொஞ்சம் தயங்கினார். "நீங்க கொஞ்சம் சும்மா இருந்தீங்கன்னா உங்களோடதும் கேக்கும் சார்."

அன்றைக்கு வாத்தியார் அசந்துபோனார். வகுப்பில் நாற்பது பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு நிற்பவர் அவர். அவர்களில் ஒருவருடைய மூச்சையாவது இத்தனை வருடத்தில் கேட்டிருப்போமா என்று அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தார்.

இனி அறுபத்தோராவது ஆட்டத்துக்கு வருவோம். லாண்டிரியைக் கைமாற்றியாகிவிட்டது. புதன்கிழமை விமானம். லாண்டிரிக்காரர் மகளோடு இருக்கப் போகிறார், நிரந்தரமாக. மனைவி போன பிறகு மகள் நாலு வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். இப்போதுதான் மனது இறங்கி வந்தது. "அக்கா, டாக்டரம்மா, வாத்தியாரே, ஒரே ஒரு தடவை ஜெயிச்சுட்டுப் போயிடறேன். அந்தப் பொண்ணுகிட்ட ஒரு தடவையாவது ஜெயிச்சோம்னு சொல்லணும்," என்றார். விளையாட்டாகத்தான் ஆரம்பித்தார். முடிக்கும்போது யாரையும் பார்க்காமல் அட்டைகளைக் கலைக்கத் தொடங்கிவிட்டார்.

எல்லோரும் உயிரைக் கொடுத்து ஆடினார்கள். வாத்தியார் ஒருதடவைகூட இருமவில்லை. ஐந்தாவது சுற்று முடிந்தபோது தண்ணீர் பாதிக்கும் கீழே. இதற்குமுன் அப்படி நடந்ததேயில்லை. ஆறாவது சுற்றில் நால்வரும் அட்டை போட்டு முடித்த நேரம், கீழே பெரிய மெஷின் பிழியத் தொடங்கியது. புது முதலாளியின் ஆட்களுக்கு மேலே நடப்பது எங்கே தெரியும்? தேய்ப்பு மேஜை கிடுகிடுவென்று நடுங்கியது. நீர்க்குச்சி துள்ளியது. "பிடிங்க!" என்று டாக்டரம்மா அலற, நால்வரும் எட்டுக் கைகளாலும் பலகையை அமுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். இரண்டு நிமிடம். மெஷின் ஓய்ந்ததும் காய்களைச் சரிபார்த்து, சிரித்து, வியர்வையைத் துடைத்து, ஏழாவது சுற்றைத் தொடங்கினார்கள்.

ஒன்பதாவது சுற்றில் அக்காவின் முறை கடைசி. மற்ற மூவரும் பெரிய பெரிய அட்டையாகப் போட்டுவிட்டார்கள், பயத்தில் போட்டது. இன்னும் ஒரு சொட்டு திறந்தால் கீழே ஊர் போய்விடும். அக்காவிடம் இருந்தது இரண்டே அட்டை. அவர் ஒன்றைத் தடவிப் பார்த்து, கீழே வைத்தார். பூஜ்யம். அந்தப் பூஜ்யத்தை முதல் சுற்றிலிருந்து கையிலேயே வைத்திருந்தார் என்பது வாத்தியாருக்குப் புரிந்தது. எத்தனை இக்கட்டு வந்தும் போடாமல், இவர்கள் மூவரும் கடைசியில் பயப்படுவார்கள் என்று தெரிந்து, எட்டு சுற்று அதைக் காத்து வந்திருக்கிறார். வாத்தியார் தன் கையாலேயே கடைசி மழை அட்டையை எடுத்தார். ஒரு துளி. நீர்க்குச்சி ஒரு கோடு ஏறி நின்றது. சிவப்புக் கோட்டுக்கு இன்னும் இரண்டு கோடு கீழே.

டாக்டரம்மா நாற்காலியோடு எழுந்தார். லாண்டிரிக்காரர் அழுதேவிட்டார். அழுதுகொண்டே போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, "அம்மாடி! ஜெயிச்சுட்டோம்மா!" என்று கத்தினார். அந்தப் பக்கம் மகள் போட்ட கூச்சலில் தொங்கிக்கொண்டிருந்த சட்டைகள்கூட ஆடியிருக்கும்.

"அக்கா, இப்பவாவது எழுதுங்க! அவ கேக்கணும், வாசிச்சுக்கிட்டே எழுதுங்க!" மூடியைத் திருப்பி வைத்து, பேனாவைக் கையில் திணித்தார் லாண்டிரிக்காரர்.

அக்கா சிரித்தார். முகம் முழுக்கச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து அவர்கள் பார்த்ததில்லை. பேனாவின் மூடியைக் கழற்றினார். பிறகு, கையெழுத்துக்கு முன்னால் எப்போதும் செய்வதுபோல, எண்ணத் தொடங்கினார்.

ஒவ்வொரு சுற்றிலும் மழை அட்டையை எடுப்பது வாத்தியாருடைய வேலை. கூச்சல் ஓய்வதற்கு முன்பே அவருக்கு ஏதோ உறுத்திக்கொண்டுதான் இருந்தது. ஆறாவது சுற்று. எல்லோரும் பலகையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அதன் பிறகு அவர் மழை அட்டையை எடுத்தாரா? எடுக்கவில்லை. அது நிச்சயமாகத் தெரிந்த கணத்தில், அவர் லாண்டிரிக்காரரின் ஈரமான முகத்தைப் பார்த்தார். சொல்லவில்லை. இதில் என்ன குடி முழுகிவிடப் போகிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். விடைத்தாளில் ஒரு மார்க்குக்கூட இரக்கம் காட்டாதவர், அன்று தனக்கே முழு மார்க் போட்டுக்கொண்டார்.

முப்பதில் ஒன்பது போனால் இருபத்தொன்று மிஞ்ச வேண்டும். அக்கா எண்ணி முடித்தார். மறுபடி எண்ணினார். பேனாவை மூடி மேஜைமேல் வைத்தார்.

"அண்ணே. மழை அட்டை இருபத்திரண்டு இருக்கு."

யாருக்கும் முதலில் உறைக்கவில்லை. "மெஷின் ஓடுச்சே, அந்தச் சுத்துல எடுக்காம விட்டிருக்கோம்," என்றார் அக்கா. அவர் வாத்தியாரைப் பார்க்கவேயில்லை.

"அக்கா, விடுங்களேன்," என்றார் டாக்டரம்மா, கெஞ்சலாக. "இன்னிக்கு ஒருநாள்."

"விட்டுடலாம் டாக்டரம்மா. எனக்கும் ஆசைதான்." அக்காவின் குரலில் கண்டிப்பில்லை, அதுதான் வாத்தியாரை இன்னும் உலுக்கியது. "அண்ணே, உங்க ஆட்டம், நீங்க சொல்லுங்க. மூடி வைன்னா இப்பவே மூடி வச்சுடறேன், யார்கிட்டயும் பேச மாட்டேன். கையெழுத்து மட்டும் என்னைக் கேக்காதீங்க."

"அப்பா?" என்றது போன். "லைன்ல இருக்கீங்களா?"

அப்போதுதான் வாத்தியார் வாயைத் திறந்தார். "நான்தான் எடுக்க மறந்தேன். கொஞ்சம் முன்னாடியே ஞாபகம் வந்துடுச்சு. சொல்லல."

"எல்லார் கையும் பலகைமேலதான் இருந்துது சார்," என்றார் அக்கா. அவ்வளவுதான். வாத்தியாருக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்தக் குள்ளமான பெண்மணியின் முன்னால் எழுந்து நிற்க வேண்டும் போலிருந்தது. உண்மையிலேயே பாதி எழுந்துவிட்டார். பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்தார்.

கணக்கு எளிது. மழை எந்த வரிசையில் பெய்தாலும் மொத்தம் ஒன்றுதான். ஒன்பதாவது மழை இன்னும் கட்டின் மேலே கவிழ்ந்து கிடக்கிறது. துளியே இல்லாத வெயில் அட்டையோ ஒரு துளியோ வந்தால் ஊர் பிழைத்தது. இரண்டு வந்தால் சிவப்புக் கோடு. பாதிக்கு மேல் நல்ல அட்டைகள்தான் மிச்சம் என்று வாத்தியாரின் மூளை தானாகவே கணக்குப் போட்டது. முதன்முறையாக அதை வெளியே சொல்லாமல் இருந்தார்.

லாண்டிரிக்காரர் போனைப் பார்த்தார். சுவரோரம் கட்டி வைத்திருந்த தன் இரண்டு பெட்டிகளைப் பார்த்தார். சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கையை நீட்டி, கட்டின் மேல் அட்டையைப் புரட்டினார்.

இரண்டு துளி.

அவரே நீர்க்குச்சியை எடுத்தார். ஒரு கோடு. இன்னொரு கோடு. சிவப்பின்மேல் அழுத்தி நிறுத்தினார்.

"இல்லம்மா," என்றார் போனில். "மூழ்கிட்டோம்."

அந்தப் பக்கம் மகள் சிரிக்க ஆரம்பித்தாள், வழக்கமான சனிக்கிழமைச் சிரிப்பு. "அந்த லிஃப்ட்டக்கா எண்ணிட்டாங்களா?" என்று கேட்டாள். லாண்டிரிக்காரருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணீர் காய்வதற்குள் சிரித்தார். "எண்ணிட்டாங்கம்மா."

"பரவால்லப்பா, பெட்டியை எடுத்துட்டு வாங்க. இங்க ஆடலாம்."

"அங்க நாம ரெண்டு பேருதானேம்மா. இது நாலு பேர் ஆட்டம். இங்கன்னா இன்னொரு ஆளைச் சேர்த்துக்குவாங்க. இங்கயே இருக்கட்டும்." போனை வைத்துவிட்டு, பலகையை மடக்கி அக்காவின் பக்கம் தள்ளினார். "நீங்க வச்சுக்கோங்க அக்கா. நெஜமா ஜெயிச்ச அன்னிக்கு அந்த மூலையில எழுதிட்டு, எனக்கு ஒரு போன் போடுங்க. எந்த நேரமானாலும் எடுப்பேன்."

அக்கா தலையாட்டினார். பலகையைப் பெட்டியின் அடியில் வைத்தார். வழக்கம்போல எண்ணத் தொடங்கினார். வாத்தியார் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கையட்டை நாற்பது. மழை அட்டை முப்பது. நீர்க்குச்சி ஒன்று. டாக்டரம்மாவின் மஞ்சள் காய். வாத்தியாரின் பச்சை. தன்னுடைய சிவப்பு. கடைசியாக லாண்டிரிக்காரரின் நீலக் காயை எடுத்துச் சட்டை ஓரத்தில் துடைத்தார். அதைப் பெட்டியில் போடவில்லை. எட்டி, லாண்டிரிக்காரரின் சட்டைப் பையில் போட்டு, விழாமலிருக்கப் பொத்தானையும் மாட்டிவிட்டார்.

"எழுபத்து நாலு," என்று சொல்லிவிட்டுப் பெட்டியை மூடினார்.